குஞ்சு வளர வளர நெஞ்சுத் தசையில் நொதி கூடுகிறதா? கிராம் கணக்கும் புரதக் கணக்கும் ஒத்துப்போகவில்லை

கயல்_காலாப்பட்டு எழுதியது:

வணக்கம். எம்எஸ்சி உயிர்வேதியியல் கடைசி ஆண்டு, ப்ராஜெக்ட்டில் ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன். பிராய்லர் குஞ்சு பொரிந்ததில் இருந்து ஐந்து வாரம் ஆகும்வரை அதன் நெஞ்சுத் தசையிலும் தொடைத் தசையிலும் மூன்று நொதிகளின் செயல்பாடு எப்படி மாறுகிறது என்று அளக்கிறேன்: லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ், கிரியேட்டின் கைனேஸ், சிட்ரேட் சிந்தேஸ். முதல் இரண்டையும் இனி எல்டிஎச், சிகே என்றே எழுதுகிறேன். விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வாங்கியாயிற்று. குஞ்சு பல்லடம் பக்கத்துப் பொரிப்பகத்தில் இருந்து ஒரு டீலர் வழியாக வருகிறது.

சிக்கல் இதுதான். ஈரத் தசை ஒரு கிராமுக்கு இத்தனை யூனிட் என்று போட்டால் நெஞ்சுத் தசையில் எல்டிஎச் வாராவாரம் நன்றாக ஏறுகிறது, வரைபடம் பார்க்கவே அழகாக இருக்கிறது. அதே சாம்பிளை ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு என்று மாற்றினால் அந்த ஏற்றத்தில் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. சிட்ரேட் சிந்தேஸ் கிராம் கணக்கில் ஒரே மட்டமாக இருக்கிறது, புரதக் கணக்கில் இறங்குகிறது. சிகே மட்டும் இரண்டிலும் ஏறுகிறது. கைடு புரதக் கணக்கைப் போடச் சொல்கிறார், சீனியர் அக்கா கிராம் கணக்குதான் எல்லாரும் போடுவது என்கிறார். நான் எதைப் போட வேண்டும் என்பதைவிட ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்தால் போதும், மீதியை நானே எழுதிவிடுவேன். சென்ட்ரிஃபியூஜ் செய்து மேலே நிற்கும் தெளிவில்தான் நொதி, புரதம் இரண்டையும் அளக்கிறேன். எல்டிஎச், சிகே இரண்டுக்கும் கிட், சிட்ரேட் சிந்தேஸுக்கு டிடிஎன்பி என்ற நிறம் தரும் வேதிப்பொருளை வைத்து அளக்கும் முறை. சாம்பிள் எல்லாம் மைனஸ் 20 ஃப்ரீஸரில்.

சிதம்பரம்_பெஞ்ச் எழுதியது:

கயல், கைடு சொல்வதும் சீனியர் சொல்வதும் இரண்டுமே செல்லும். இரண்டு எண்ணும் இரண்டு வேறு கேள்விக்குப் பதில், அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர். பிறந்த குட்டியோ பொரிந்த குஞ்சோ, இளம் தசையில் தண்ணீர் அதிகம். நார்கள் ஒல்லியாக இருக்கும், நாருக்கு வெளியே இருக்கும் நீரின் பங்கு பெரிதாக இருக்கும், வளர வளர அது சுருங்கும். பாலூட்டிகளில் பிறந்த சமயத்தில் தசையில் 80 விழுக்காட்டுக்கு மேல் நீர், வளர்ந்தபின் 75 பக்கம். கொஞ்சம்தானே குறைகிறது என்று தோன்றும். ஆனால் திடப்பொருள் பக்கம் இருந்து பாருங்கள்: நீர் 82 இல் இருந்து 75க்கு இறங்கினால் திடப்பொருள் 18 இல் இருந்து 25 ஆகிறது. நொதி ஒரு துளிகூட மாறாமல் இருந்தாலும் கிராம் கணக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறிக் காட்டும். உங்கள் அழகான வரைபடத்தில் ஒரு பகுதி இது. ஒவ்வொரு வயதிலும் ஒரு துண்டு தசையை அடுப்பில் உலர்த்தி உலர் எடை எடுங்கள். செலவே கிடையாது, தீசிஸில் ஒரு அட்டவணை கூடுதலாகக் கிடைக்கும்.

அப்புறம் புரதம். இங்கேதான் நான் உங்களைக் கேட்பேன், எந்தப் புரதம்? தெளிவில் இருப்பது கரையும் புரதம் மட்டும். மயோசின், ஆக்டின் எல்லாம் உப்பு குறைந்த பஃபரில் கரையாது, சென்ட்ரிஃபியூஜ் குழாயின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். தசை வளர்வது என்றாலே அந்த இழைப்புரதம் குவிவதுதான். ஆக மொத்தத் தசைப் புரதத்துக்கு வகுத்தால் ஒரு கதை, கரையும் புரதத்துக்கு வகுத்தால் வேறு கதை. வளர்ந்த நெஞ்சுத் தசையின் கரையும் புரதத்தில் பெரும்பகுதி சர்க்கரையை உடைக்கும் கிளைக்காலிசிஸ் நொதிகள்தான், எல்டிஎச் அந்தக் கூட்டத்தில் அடக்கம். சிகே கிளைக்காலிசிஸ் நொதி அல்ல, ஆனால் அதுவும் கரையும் புரதம்தான். தொகுதி ஏறும்போது பகுதியும் கூடவே ஏறினால் விகிதம் எப்படி ஏறும்? உங்கள் எல்டிஎச் ஏற்றம் பாதி கரைந்துபோனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சென்ட்ரிஃபியூஜுக்கு முன்னால் முழு ஹோமோஜினேட்டில், அதாவது அரைத்த தசைக் கரைசலில், கொஞ்சம் எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து லௌரி முறையில் மொத்தப் புரதம் அளந்து வையுங்கள்.

சிட்ரேட் சிந்தேஸ் பற்றி ஒரு சந்தேகம். அது மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளே இருப்பது. பஃபரில் சவ்வைக் கரைக்கும் டிரைட்டான் எக்ஸ்-100 போட்டீர்களா, அல்லது உறைய வைத்து உருக்குவதைத் திரும்பத் திரும்பச் செய்தீர்களா? இல்லையென்றால் பாதி நொதி வெளியே வராமலே அடியில் படிந்திருக்கும். இதில் வயதும் சேர்ந்து விளையாடும். குஞ்சின் தசை வெண்ணெய் மாதிரி அரைபடும், ஐந்து வாரக் கோழியில் இணைப்புத் திசு கெட்டியாகி அதே நேரத்தில் அதே அளவு அரைபடாது. அப்போது வயது கூடக் கூட நொதி குறைவது போலத் தெரிவது தசையின் மாற்றமே அல்ல, உங்கள் ஹோமோஜினைசரின் வரம்பு. அடியில் படிந்ததை மறுபடி பஃபரில் அரைத்து, மிச்ச நொதி எவ்வளவு வருகிறது என்று ஒரு இளம் சாம்பிளிலும் ஒரு வளர்ந்த சாம்பிளிலும் பாருங்கள். இதைச் செய்யாமல் சிட்ரேட் சிந்தேஸ் வரியை வெளியே விடாதீர்கள், வைவாவில் முதல் கேள்வியே இதுவாகத்தான் வரும்.

முதுநகர்க்காரன் எழுதியது:

நான் கிராம் கணக்கின் பக்கம். கோழி ஓடுவதும் சிறகடிப்பதும் தண்ணீரோடு சேர்ந்த தசையை வைத்துத்தான். அந்தத் தசையை ஒரு உறுப்பாகப் பார்த்து, இந்த வயதில் இதனால் எவ்வளவு முடியும் என்று கேட்டால் பதில் கிராமுக்குத்தான். அறுத்த பிறகு கிளைகோஜன் லாக்டிக் அமிலமாகி பிஎச் 7 பக்கத்தில் இருந்து 5.8 பக்கம் இறங்குகிறதே, அதுவும் கிராம் தசையில் நடக்கும் சங்கதிதான். நீர் குறைவதால் செறிவு ஏறுகிறது என்பது பிழையான எண் கிடையாது, வளர்ச்சி என்பதில் அதுவும் ஒரு பகுதி. சிதம்பரம் சார் சொல்லும் உலர் எடையைக் கட்டாயம் எடுங்கள், ஆனால் கிராம் வரைபடத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

எனக்கு வேறொரு குறை தெரிகிறது. மூன்று நொதியுமே எரிபொருள் பக்கத்து நொதிகள். இளம் தசை முதிர்வதில் பெரிய மாற்றம், சுருங்குவதற்காக ஏடிபியை உடைக்கும் மயோசின் ஏடிபியேஸில்தான் நடக்கிறது. 1960 இல் புல்லர், ஜான் எக்கிள்ஸ், அவர் மகள் ரோசமண்ட் எக்கிள்ஸ் மூவரும் பூனைக்குட்டிகளில் காட்டியது: பிறந்த புதிதில் வேகத் தசை, மெதுவான தசை என்று பின்னால் பிரியப்போகும் இரண்டுமே மெதுவாகத்தான் சுருங்குகின்றன, சில வாரங்களில் ஒன்று மட்டும் வேகம் பிடிக்கிறது. நரம்புகளை வெட்டி மாற்றி இணைத்தபோது தசையின் வேகமும் நரம்பைப் பின்பற்றி மாறியது. 1967 இல் பாரானி பல விலங்குகளின் தசைகளை எடுத்து, சுருங்கும் வேகமும் மயோசின் ஏடிபியேஸ் செயல்பாடும் கைகோத்துப் போவதைக் காட்டினார். பிறந்த தசையில் இருப்பது கருவகை, சிசுவகை மயோசின், அவை போய்த்தான் முதிர்ந்த வகைகள் வருகின்றன. அதனால் முடிந்தால் ஒவ்வொரு வயதிலும் ஒரே ஒரு உறைவெட்டுத் துண்டு எடுத்து ஏடிபியேஸ் சாயம் போடுங்கள். புரூக், கைசர் 1970 முறையில் பிஎச் 9.4, 4.6, 4.3 என்று முன்ஊறல் வைப்பார்கள். அது பாலூட்டித் தசைக்கு நிலைப்படுத்தியது, கோழிக்கு பிஎச்சை நீங்களே கொஞ்சம் நகர்த்திப் பார்த்து வைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ஒளி அளக்கும் கருவியின் குவெட் அறையில் வெப்பநிலைக் கட்டுப்பாடு இருக்கிறதா? மே மாதம் நம் ஊரில் ஏசி இல்லாத லேப் 35 டிகிரி போகும், டிசம்பரில் 25. பத்து டிகிரிக்கு வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்று வைத்தால் ஐந்து டிகிரி வித்தியாசமே 40 விழுக்காடு ஏற்றம். ஒரு வயதுக் குழுவைக் குளிர்காலத்திலும் இன்னொன்றை வெயிலிலும் அளந்தால் கோழி வளர்ந்ததா வெயில் வளர்ந்ததா என்று பிரிக்கவே முடியாது.

பாகூர்_கால்நடை எழுதியது:

கால்நடை மருத்துவராக ஒன்று சொல்கிறேன், லேப் விஷயம் மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பொரிந்த குஞ்சு உங்கள் கைக்கு வரும்போது எத்தனை மணி நேரம் தீவனம் இல்லாமல் இருந்தது என்று குறித்து வைத்திருக்கிறீர்களா? பல்லடத்தில் பொரிந்து, தடுப்பூசி, பெட்டி, வண்டி என்று புதுச்சேரி வந்து சேர்வதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றில் இருப்பதால் குஞ்சு தாங்கும். ஆனால் பொரிந்த முதல் சில நாட்களில்தான் நெஞ்சுத் தசையின் துணைச்செல்கள் (நாரோடு ஒட்டியிருக்கும் தசை முன்னோடிச் செல்கள்) மும்முரமாகப் பெருகுகின்றன, அப்போது தீவனம் தள்ளிப்போனால் பின்னால் நெஞ்சுத் தசை வளர்வதே குறைகிறது. உங்கள் 'முதல் நாள்' குழுவில் ஒரு குஞ்சு தின்றது, ஒன்று தின்னாதது என்று கலந்திருந்தால் அந்தப் புள்ளியில் சிதறல் பெரிதாக வரும். டீலரிடம் பொரித்த நேரம் கேட்டு வாங்குங்கள். கேட்டால் சொல்வார்கள், பெட்டியிலேயே தேதி ஒட்டியிருக்கும்.

அடுத்து, தொடைத் தசை என்று ஒரு தசை கிடையாது, அது ஒரு கூட்டம். அதில் ஒன்று சிவப்பு, ஒன்று வெளுப்பு, ஒரே தசைக்குள்ளேயே ஒரு ஓரம் சிவந்து மறு ஓரம் வெளுத்திருக்கும். குஞ்சில் எல்லாம் ஒரே நிறமாகத் தெரிவதால் எங்கே வெட்டினாலும் ஒன்றுதான் என்று தோன்றும், அப்படி இல்லை. ஒரு தசையை முடிவு செய்து எல்லா வயதிலும் அதே தசையின் அதே இடத்தை வெட்டுங்கள். கோழி உடற்கூறு தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்து முதல் இரண்டு மூன்று குஞ்சை அறுத்துப் பாருங்கள், குரும்பாபேட் கால்நடைக் கல்லூரியில் கேட்டால் காட்டித்தருவார்கள்.

வேலை என்ன என்பதையும் யோசியுங்கள். குஞ்சு பொரிந்த அன்றே நிற்கிறது, ஓடுகிறது, கால் தசைக்கு அன்றைக்கே வேலை. நெஞ்சுத் தசைக்கு அன்று வேலையே இல்லை, சிறகு முளைத்து அடிக்கப் பழகும்போதுதான் வரும். ஆட்டுக்குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து தாய் மடியைத் தேடும், எலிக்குட்டி கண் திறக்காமல் கிடக்கும். கினிப்பன்றி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறந்து உடனே ஓடும், அதன் தசை நார்கள் பிறக்கும்போதே வகை பிரிந்து இருக்கும். எலியில் அதே பிரிவு தெளிய வாரக்கணக்கில் ஆகும். ஒரு வயதை இன்னொரு விலங்கின் அதே வயதோடு ஒப்பிட்டு விவாதப் பகுதி எழுதினீர்கள் என்றால் இதை மனதில் வையுங்கள்.

நெல்லிக்குப்பம்_ஆடு எழுதியது:

நடுவில் வருகிறேன், மன்னியுங்கள் டாக்டர். எங்களிடம் தலைச்சேரி ஆடு இருக்கிறது. போன ஈற்றில் ஒரு குட்டி பின்னங்கால் விறைத்து நிற்க முடியாமல் போனது, ரத்தம் எடுத்ததில் சிகே ரொம்ப அதிகம் என்று சொன்னார்கள். இங்கே இளம் தசையில் சிகே வளர வளர ஏறும் என்று படிக்கும்போது, குட்டிக்கு அது நல்லதுதானா கெட்டதா என்று குழம்புகிறது.

பாகூர்_கால்நடை எழுதியது:

நல்ல கேள்வி அண்ணே. கயல் அளப்பது தசைக்குள் இருக்கும் சிகே, அது ஏறுவது தசை முதிர்வதன் அடையாளம். உங்கள் குட்டிக்கு எடுத்தது ரத்தத்தில் இருக்கும் சிகே. அது தசைநாரின் சவ்வு உடைந்து வெளியே கொட்டியது. தசையில் இருக்க வேண்டியது ரத்தத்தில் இருந்தால் தசை சேதம் என்று அர்த்தம்.

விறைத்து நிற்கும் இளங்குட்டி, சிகே அதிகம் என்றால் செலீனியம், வைட்டமின் ஈ குறைவால் வரும் வெண்தசை நோயை முதலில் சந்தேகிப்போம். நன்றாக வளர்கிற, துள்ளி ஓடுகிற குட்டியைத்தான் அது பிடிக்கும், இதயத் தசையைப் பிடித்தால் திடீரென்று செத்துப்போகும். ஆனால் தசையில் ஊசி போட்டாலும், வண்டியில் இடிபட்டு வந்தாலும், ஒரே பக்கம் வெகுநேரம் படுத்துக் கிடந்தாலும் சிகே ஏறும். அதனால்தான் ஏஎஸ்டி என்ற இன்னொரு நொதியையும் ரத்தத்தில் சேர்த்துப் பார்ப்போம். சிகே சில மணி நேரத்தில் பாதியாக இறங்கும், ஏஎஸ்டி நாட்கணக்கில் நிற்கும். சிகே இறங்கி ஏஎஸ்டி மட்டும் நின்றால் சேதம் ஓய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஈற்றுக்கு முன் சினை ஆட்டுக்குத் தாது உப்புக் கலவை பற்றி உங்கள் மருந்தகத்தில் பேசுங்கள். செலீனியம் ஊசியை மட்டும் கடையில் வாங்கி நீங்களாகப் போடாதீர்கள், தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைவு.

கோரிமேடு_லேப்டெக் எழுதியது:

மனிதக் குழந்தைக்கும் இதே கதைதான். பிறந்த முதல் சில நாட்கள் ரத்த சிகே இயல்பாகவே உயர்ந்திருக்கும், பிரசவத்தில் தசை நசுங்குவதால். டூஷென் தசைச்சிதைவு உள்ள ஆண் குழந்தைக்குப் பிறந்ததில் இருந்தே உயர்ந்து, இறங்காமல் நிற்கும்.

கயலுக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. சிகே ஒரே நொதி அல்ல. கருவின் தசையில் முதலில் இருப்பது மூளை வகை பிபி, பிறகு கலப்பான எம்பி வரும், முதிர்ந்த எலும்புத் தசையில் ஏறக்குறைய எல்லாமே தசை வகை எம்எம். டூஷென் குழந்தையின் தசை உடைந்து மறுபடி முளைக்கும்போது அந்த நார்கள் பழைய இளம் வகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், எம்பி உயரும், இதயக் கோளாறோ என்று வார்டில் பயப்படுவார்கள். உங்கள் கிட் மொத்தச் சிகேயைத்தான் சொல்லும், உள்ளே வகை மாறியிருப்பது அதில் தெரியாது.

எல்டிஎச் சாம்பிளை மைனஸ் 20இல் வைத்திருப்பதாகப் படித்தேன். மனிதச் சீரத்தில் எல்டிஎச்-4, எல்டிஎச்-5 என்ற இரண்டு வகைகள் உறைநிலையில் கெடும் என்பது எங்கள் பாலபாடம், அதனால் எல்டிஎச் சீரத்தை ஃப்ரீஸரில் வைக்கவே மாட்டோம். முதிர்ந்த வெள்ளைத் தசையில் நிறைந்திருப்பது அந்த எல்டிஎச்-5 தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது கரண்ட் போய் ஃப்ரீஸர் உருகிய லேப்கள் புதுச்சேரியில் எத்தனையோ, உருகி மறுபடி உறைந்தால் இன்னும் கெடும். தசையைத் துண்டாகவே மைனஸ் 80இல் வையுங்கள், அரைத்த அன்றே அளந்துவிடுங்கள். திரவ நைட்ரஜன் கிடைக்கவில்லை என்றால் செயற்கைக் கருவூட்டல் மையங்களுக்கு விந்துக் குச்சிக்காக வரும், கேட்டுப் பாருங்கள்.

கயல்_காலாப்பட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, உண்மையிலேயே நிறைய தெளிந்தது. டிரைட்டான் போடவில்லை, அடியில் படிந்ததை எறியாமல் வைத்திருக்கிறேன், நாளையே அதை அரைத்துப் பார்க்கிறேன். குவெட் அறை 30 டிகிரியில் நிற்கிறது, அது சரி. உலர் எடைக்கும் மொத்தப் புரதத்துக்கும் அடுத்த குழுவில் இருந்து எடுத்துவிடுவேன்.

லேப்டெக் அண்ணா சொன்னதை எல்டிஎச்சுக்கும் கேட்கிறேன். மொத்த எல்டிஎச் ஏறுவதற்குள்ளே வகையும் மாறுகிறது என்றால், ஒரே கிட்டால் பொரிந்த குஞ்சையும் ஐந்து வாரக் கோழியையும் அளப்பது நியாயமா? ஜெல் ஓட்ட எங்களிடம் வசதி இருக்கிறது, ஆனால் எல்லாச் சாம்பிளுக்கும் ஓட்ட நேரம் இல்லை.

சிதம்பரம்_பெஞ்ச் எழுதியது:

நியாயமில்லை, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நானே எழுதியிருப்பேன். எல்டிஎச் நான்கு துணையலகுகள் சேர்ந்தது, கோழி நெஞ்சுத் தசை அதன் வகை மாற்றத்துக்குப் பாடப்புத்தக எடுத்துக்காட்டு. கருவில் அதில் இதய வகையான எச் துணையலகுதான் மிகுதி, பொரிப்பை ஒட்டியும் அதன் பிறகும் தசை வகையான எம் ஏறி அந்த இடத்தைப் பிடிக்கும். 1962 இல் கான், கேப்லன், லெவின், ஸ்விலிங் என்று நால்வர் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான். இடையில் கலப்பு வகைகள் மூன்றும் வந்து போகும்.

உங்களுக்கு முக்கியமானது இது. எச் வகை பைருவேட் அதிகமானால் தடைபடும், எம் வகை தாங்கும். உங்கள் கிட்டில் ஒரே பைருவேட் செறிவு, அதுவும் மனிதச் சீரத்துக்காக வைத்தது. அந்தச் செறிவு கூடுதலாக இருந்தால் இளம் குஞ்சின் எல்டிஎச் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், வயதோடு ஏறும் கோடு இன்னும் செங்குத்தாகத் தெரியும். நீர், கரையும் புரதம், இப்போது இது. எல்டிஎச் ஏறுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எவ்வளவு ஏறுகிறது என்பதில்தான் சந்தேகம்.

ஜெல் ஓட்டாமல் ஒரு வழி உண்டு. கிட்டை ஒதுக்கிவிட்டு நீங்களே கலவை தயாரியுங்கள்: பாஸ்பேட் பஃபர் பிஎச் 7.4, என்ஏடிஎச், பைருவேட். ஒரே சாம்பிளை 0.33 மில்லிமோலார் பைருவேட்டில் ஒருமுறை, 10 மில்லிமோலாரில் ஒருமுறை, 340 நானோமீட்டரில் அளந்து முதலதை இரண்டாவதால் வகுத்து விகிதம் எடுங்கள். எச் மிகுந்த தசையில் விகிதம் உயர்ந்திருக்கும், எம் மிகுந்தால் இறங்கும். 10 மில்லிமோலாரில் பைருவேட்டே கொஞ்சம் ஒளி உறிஞ்சும், நொதி இல்லாத குவெட்டை வைத்துக் கழித்துவிடுங்கள். தசைச் சாறைப் பல மடங்கு நீர்க்க வேண்டியிருக்கும், நீர்க்கும் பஃபரில் அல்புமின் கொஞ்சம் போடாவிட்டால் நொதி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு போய்விடும். கோடு நேராக இருக்கும் முதல் நிமிடத்துச் சரிவை மட்டும் எடுங்கள். 340இல் என்ஏடிஎச்சுக்கு 6.22 என்ற கெழுவை வைத்துக் கணக்குப் போட்டால் கிட்டின் காரணியைத் தேட வேண்டாம்.

ஜெல்லை வயதுக்கு ஒன்றாக மட்டும் ஓட்டுங்கள், நைட்ரோ ப்ளூ டெட்ரசோலியம் சாயத்தில் ஐந்து பட்டையும் வரும், தீசிஸில் அந்த ஒரு படம் போதும்.

அட்டவணையில் கிராம், மொத்தப் புரதம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள், முதுநகர்க்காரர் சொல்வது எனக்கும் ஒப்புதல்தான். டிஎன்ஏ கணக்கும் போடச் சொல்லி யாராவது கேட்டால் யோசித்துச் செய்யுங்கள். வளரும் தசையில் துணைச்செல்கள் நாரோடு இணைந்து புதுப் புது உட்கருக்களைச் சேர்த்துக்கொண்டே போகும், அதனால் அந்தக் கணக்கு ஒரு உட்கருவுக்கு எவ்வளவு என்பதைச் சொல்லும், ஒரு நாருக்கு எவ்வளவு என்பதைச் சொல்லாது. ஏற்கெனவே மைனஸ் 20இல் கிடக்கும் எல்டிஎச் சாம்பிள்களில், புதிதாக எடுக்கும் ஒரு குழுவை வைத்து இழப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவெடுங்கள். சிகேக்கு மட்டும் கிட்டையே வைத்துக்கொள்ளலாம், அதில் என்-அசிட்டைல் சிஸ்டீன் இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள், அது போன்ற தயோல் (கந்தகச் சேர்மம்) இல்லாமல் உறைந்த சாம்பிளில் சிகே எழுந்திருக்காது.